சரி அடையாளமிட ஒரு பக்கம்

இசைத்தட்டு விமர்சனம் யாருக்காக எழுதப்படுகிறது? தட்டைக் கையில் வைத்திருப்பவருக்காக அல்ல. அவர் ஊசியை வைத்துக் கேட்டுக்கொள்வார். கையில் இல்லாதவருக்காக, இன்னும் கேட்காதவருக்காக, சில வேளை கேட்கவே கிடைக்காமற் போகக்கூடியவருக்காகத்தான் அது எழுதப்படுகிறது. இந்த எளிய உண்மையை நமது சஞ்சிகைகள் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை என்பது என் முறைப்பாடு. இஸ்லாமிய கீதங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இசைத்தட்டுகளைப் பற்றி எழுதியது மிகச் சொற்பம். இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தவை, கறுப்பின அமெரிக்கரின் நடனப் பாட்டுகளையும் 'சோல்' பாட்டுகளையும் பற்றி இங்கிலாந்தில் வெளியான இரண்டு சஞ்சிகைகள். ஆகவே அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வீட்டின் உள்ளறையில் மாமாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. மாமா கப்பலில் வேலை செய்தவர். 1980களின் ஆரம்பத்தில் இங்கிலாந்துத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் நாட்களில் இசைத்தட்டு வாங்குவது அவருக்குப் பழக்கம். ஆயிரக்கணக்கான தட்டுகளில் எதை வாங்குவது என்று அவருக்குச் சொன்னவை 'புளூஸ் அன்ட் சோல்', 'றெக்கோர்ட் மிரர்' என்ற இரண்டு சஞ்சிகைகளும். விரும்பியதன் கீழே கோடிடுவார். வாங்கிய பின் பக்கத்தில் பென்சிலால் சரி அடையாளம் போடுவார். பெட்டியின் ஒரு பாதியில் அந்தத் தட்டுகள். மறு பாதியில் நாகூர் ஈ.எம். ஹனிபாவும் வேறு தமிழ் முஸ்லிம் பாடகர்களும். வெள்ளி மாலையில் மறு பாதி ஒலிக்கும். உம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்பார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்குப் பத்து வயது. ஆயுதம் தரித்தவர்கள் எங்களுக்குத் தந்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதற்குமேல் அந்நாளைப் பற்றி இவ்விதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சோதனையிட்டவர்கள் பெறுமதியான எதையும் கொண்டுபோக விடவில்லை. என் பாடசாலைப் பையில் மாமாவின் சஞ்சிகைகள் சில இருந்தன. படங்களுக்காக நான் எடுத்து வைத்தவை. ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பழைய கடதாசிக்கு விலையில்லை. இசைத்தட்டுகள் அங்கேயே நின்றுவிட, அவற்றைப் பற்றி எழுதப்பட்டவை மட்டும் எங்களோடு புத்தளம் வந்து சேர்ந்தன.

ஓலைக் கொட்டிலில் மின்சாரம் இல்லை. பாட்டுப் பெட்டியும் இல்லை. அகராதி ஒன்றைக் கடன் வாங்கி அந்தச் சஞ்சிகைகளை வாசித்துத்தான் நான் ஆங்கிலம் கற்றேன். ஒரு பாட்டையும் கேட்காமல் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பற்றி அறிந்துகொண்டேன். 'றெக்கோர்ட் மிரர்' இதழில் ஜேம்ஸ் ஹமில்டன் என்பவர் நடனத் தட்டுகளுக்கென ஒரு பத்தி எழுதிவந்தார். 1975இல் தொடங்கிய பத்தி அது. 1979 முதல் ஒவ்வொரு தட்டின் பெயருக்குப் பக்கத்திலும் நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்ற எண்ணையும் அவர் போட்டார். இரண்டு தட்டுகளை இடைவெளியில்லாமல் இணைத்து ஒலிக்கவிடும் மண்டபக்காரர்களுக்கு உதவியாகச் செய்த வேலை அது. எனக்கு வேறு விதத்தில் உதவியது. தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கும்போது வாப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து வெறும் கேனில் தட்டுவேன். 120 என்றால் செக்கனுக்கு இரண்டு. 90 என்றால் இரண்டு செக்கனுக்கு மூன்று. குரலும் கருவியும் இல்லை, தாளம் மட்டும் இருந்தது. கேட்காத பாட்டொன்றின் எலும்பை ஓர் எண் எனக்குத் தந்தது.

பின்னாளில் இன்னொன்றும் புரிந்தது. ஹமில்டன் பல தட்டுகளுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. 117இல் தொடங்கி 119 வரை போகிறது என்பது போல எழுதுவார். அடிப்பவர் மனிதர் என்பதால், பாட்டுச் சூடேறும்போது அவர் கையும் சற்று வேகம் கொள்ளும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு மனிதரின் மூச்சு இருக்கிறது. வெறும் புகழுரையில் இப்படியொரு தகவல் கிடைக்காது.

இந்த வகை எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 'பில்போர்ட்' என்ற வணிகச் சஞ்சிகை, கறுப்பினத்தவரின் தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பின் கீழ்த் தனியே பட்டியலிட்டு வந்தது. 1949இல் அதன் எழுத்தாளர் ஜெரி வெக்ஸ்லர் அந்தத் தலைப்பை மாற்றி 'றிதம் அன்ட் புளூஸ்' என்று பெயரிட்டார். தோலைக் குறித்த சொல் போய் இசையைக் குறித்த சொல் வந்தது. 1969இல் அதே பட்டியல் 'சோல்' எனப் பெயர் பெற்றது. ஒரு சஞ்சிகையின் தலைப்பு மாறினால் கடையின் அடுக்கு மாறுகிறது, வாங்குபவரின் கண் மாறுகிறது. வெக்ஸ்லர் 1953இல் எழுத்து வேலையை விட்டு அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பனியில் சேர்ந்தார். 1967இல் அரீதா பிராங்ளினின் குரல் உலகறிய வெளிவந்த தட்டுகளைத் தயாரித்தவர் அவரே. பெயரிடத் தெரிந்தவருக்குக் கேட்கவும் தெரிந்திருந்தது. அந்தக் கம்பனியை 1947இல் ஆரம்பித்த இருவரில் ஒருவரான அஹ்மத் எர்த்தகுன், அமெரிக்காவிலிருந்த துருக்கித் தூதுவரின் மகன் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

நியூயோர்க்கில் வின்ஸ் அலெட்டி செய்தது வேறொன்று. 1974 முதல் 1978 வரை 'றெக்கோர்ட் வேர்ல்ட்' இதழில் வாராவாரம் அவர் எழுதிய பத்தியில் தன் அபிப்பிராயத்தை மட்டும் எழுதவில்லை. நகரத்து நடன மண்டபங்களில் இசைத்தட்டு ஒலிபரப்புவோர் அந்த வாரம் எவற்றைப் போட்டார்கள் என்று கேட்டறிந்து பட்டியலாக வெளியிட்டார். வானொலி தொடாத தட்டுகள் அவை. ஆடியவர்களின் கால்கள் முதலில் தீர்ப்புச் சொல்லின. பக்கம் அதைப் பதிந்தது. கடை பிறகு அறிந்தது. விமர்சகர் மேலிருந்து கீழே சொல்லும் முறை அங்கே தலைகீழானது.

இங்கிலாந்தில் டேவ் கொடின். 'புளூஸ் அன்ட் சோல்' 1967இல் ஆரம்பித்த சஞ்சிகை, அதன் முக்கிய பத்தியாளர் இவர். இலண்டனில் 'சோல் சிற்றி' என்றொரு தட்டுக் கடையையும் நடத்தினார். வட இங்கிலாந்தின் ஆலைப் பட்டினங்களிலிருந்து வரும் இளைஞர்கள் புதிய பாட்டுகளைக் கேட்காமல், சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் வெளியாகி விலைபோகாத வேகமான பாட்டுகளையே கேட்பதை அவர் கவனித்தார். கடையில் வேலை செய்பவர்கள் விளங்கிக்கொள்ள 'வடக்கத்திச் சோல்' என்று ஒரு பெயர் வைத்தார். 1970இல் அந்தப் பெயர் அவர் பத்தியில் அச்சேறியது. அதன்பின் அது ஒரு இயக்கமாயிற்று. விகன் என்ற சிறு பட்டினத்தின் கசினோ மண்டபத்தில் 1973 முதல் 1981 வரை இரவிரவாக ஆடினார்கள். டெற்றொய்ற்றில் மறக்கப்பட்ட பாடகர், லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் வார இறுதிக்குள் வந்து சேர்ந்தார். இடையில் நின்றது ஒரு சஞ்சிகையின் பத்தி.

இவர்களை நான் வியந்தே தீர்க்கப்போவதில்லை. குறைகளும் உண்டு, அவை நமக்கும் பாடமாகும். முதலாவது, விமர்சகரும் வியாபாரியும் ஒரே ஆளாக இருந்தது. கொடினுக்குக் கடை இருந்தது. 'புளூஸ் அன்ட் சோல்' சஞ்சிகையை ஆரம்பித்த ஜோன் அபே பின்னர் தட்டுக் கம்பனியும் நடத்தினார். பாராட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தபால் விற்பனை விளம்பரம் இருந்தால் வாசகர் சற்று நிதானமாகவே வாசிக்க வேண்டும். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அபூர்வத்தை அருமை என்று கொள்வது. எவரிடமும் இல்லாத தட்டே சிறந்த தட்டு என்ற எண்ணம் அந்த வட்டத்தில் வளர்ந்தது. சில மண்டபக்காரர்கள் தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாளை மறைத்து, பொய்ப் பெயர் சொல்லி ஒலிபரப்பினார்கள். மற்றவர்கள் தேடி வாங்கிவிடக் கூடாதே. பிராங் வில்சன் என்பவர் 1965இல் மோட்டவுன் கம்பனிக்குப் பாடிய ஒரு தட்டில் எஞ்சியிருப்பவை மிகச் சில பிரதிகளே. அவற்றில் ஒன்று 2009இல் 25,000 பவுணுக்கு மேல் விலைபோனது. பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆனால் அந்த விலை பாட்டுக்கான விலையல்ல. மறைப்பது வியாபாரம். பெயரையும் வருடத்தையும் எல்லாருக்கும் சொல்லிவிடுவது விமர்சனம். கொடின் தன் கடைசிக் காலத்தில், 1997 முதல், தான் நேசித்த ஆழமான சோகப் பாட்டுகளை இறுவட்டுத் தொகுப்புகளாக எல்லாருக்கும் கிடைக்கச் செய்தார். 2004இல் மறைந்தார். விமர்சகர் ஒருவர் தன் கடனைத் தீர்த்த விதம் என்றே அதனை நான் கொள்கிறேன்.

ஆசிரிய கலாசாலைக் காலத்தில்தான் அந்தப் பாட்டுகளை முதன்முதலாகக் கேட்கக் கிடைத்தது. வாசித்து ஏறக்குறையப் பத்து வருடங்களின் பின். சொற்கள் எதில் சரியாக இருந்தன, எதில் தோற்றன என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. தாளம் சரியாக இருந்தது. கருவிகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. யார் எழுதியது, முதலில் யார் பாடியது என்ற தகவல்கள் மிகவும் பயன்பட்டன. அரீதாவின் 'றெஸ்பெக்ற்' ஒற்றிஸ் றெடிங் எழுதி 1965இல் தானே பாடிய பாட்டு என்று தெரிந்திருந்ததனால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். களைத்து வீடு திரும்பும் ஆண் ஒருவனின் வேண்டுகோள் அங்கே. இரண்டு வருடம் கழித்து அதே பாட்டு ஒரு பெண்ணின் உரிமைக் குரலாகிவிடுகிறது. வரிகளை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிராது. தட்டுக்கும் தட்டுக்குமான வேறுபாடு இது. குரல் மட்டும் எந்த மதிப்புரையிலும் வரவில்லை. நான் கற்பனை செய்த குரல் ஒன்று, கேட்டது வேறொன்று. எனினும் அந்தக் குரலுக்காகப் பத்து வருடம் என்னைக் காத்திருக்கச் செய்தது மதிப்புரைதான். விமர்சனம் பாட்டுக்கு ஈடாகாது. காது கொடுக்கக் காரணம் தருவதே அதன் வேலை.

இந்த இசையில் முஸ்லிம் பெயர்களும் உண்டு. ஜோ டெக்ஸ் 1960களில் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் ஹஸ்ஸீஸ் ஆனார். 1972இல் பெரிய வெற்றி கண்ட கையோடு மேடையை விட்டுப் பிரசாரத்துக்குப் போனார், சில வருடங்களில் திரும்பினார். பிலடெல்பியாவில் 1971இல் தன் தட்டுக் கம்பனியை லியோன் ஹஃபுடன் தொடங்கிய கெனி காம்பிளுக்கு லுக்மான் அப்துல் ஹக் என்ற பெயருமுண்டு. 'கூல் அன்ட் த காங்' குழுவின் றொனால்ட் பெல், காலிஸ் பய்யான் என்ற பெயர் கொண்டவர். உலகமெங்கும் கலியாண வீடுகளில் ஆடப்படும் 'செலபிரேஷன்' என்ற 1980ஆம் ஆண்டுப் பாட்டுக்கான எண்ணம், ஆதம் நபி படைக்கப்பட்டதையும் மலக்குமாரையும் பற்றிக் குர்ஆனில் வாசித்தபோது தனக்கு உதித்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியாளர் சில்வியான் தியூஃப், அமெரிக்கத் தென்பகுதித் தொழிலாளரின் கூவற் பாட்டுகளில் பாங்கோசையின் சாயலைக் காண்கிறார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் முஸ்லிம்கள் பலர் இருந்தனர் என்பது அவருடைய 1998ஆம் ஆண்டு நூலின் பொருள்.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எதைக் கண்டாலும் 'இதுவும் எங்களுடையது' என்று மார்தட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாயல் வேறு, சான்று வேறு. அந்த இசை தேவாலயத்தில் வளர்ந்தது, பருத்திக் காட்டில் வளர்ந்தது, வட்டிக் கடைக்கும் பொலிஸுக்கும் நடுவே வளர்ந்தது. அதில் நமது பங்கு ஒரு சிறு கிளை. அதனைப் பெருமைக்காக அல்ல, அறிவுக்காகப் பதிந்துவைக்கலாம்.

தூரத்துக் கிளைகளைத் தேடும் நாம் பக்கத்து வேரைப் பார்த்தோமா? புத்தளத்தில் நாங்கள் தங்கியிருந்த கொட்டிலிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் சிராம்பியடி இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கிறார்கள். 'மாஞ்சா' என்ற பாட்டுகளை, கலப்புப் போர்த்துக்கேய மொழியில், சிரட்டையும் போத்தலும் கரண்டியும் றபானும் கொண்டு பாடி ஆடுகிறார்கள். இந்நாட்டு மக்கள் எல்லாரும் ஆடும் பைலாவின் ஊற்றுகளில் ஒன்று, இவர்களின் பெயரைத் தாங்கிய 'கஃபிரிஞ்ஞா'. அந்த ஆறு அடித் தாளத்தை 1940களில் வொலி பஸ்தியன் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசை பாடியபோது அந்தத் துள்ளல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அந்த மக்களுக்கு இடப்பட்ட பெயர் 'காபிர்' என்ற நமது அறபுச் சொல்லின் மருவல். அமெரிக்காவில் ஒரு சஞ்சிகை தன் தலைப்பை 1949இல் திருத்தியது. அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த அந்தத் திருத்தத்தைப் புத்தளத்துக் கொட்டிலில் இருந்து வாசித்த நான், பக்கத்து ஊர்க்காரரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டேன். அவர்கள் பாட்டைக் கேட்கப் போகவும் இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இஸ்லாமிய கீதங்களைப் பற்றி நம்மிடையே மூன்று வகை எழுத்துகளைக் காண்கிறேன். ஒன்று, பாடகர் மரணித்த பின் எழுதும் அஞ்சலி. 2015 ஏப்ரலில் நாகூர் ஹனிபா மறைந்தபோது இது வெள்ளமாக வந்தது. 'இசைமுரசு', 'வெண்கலக் குரல்' என்ற இரண்டு அடைமொழிகளைத் தாண்டிய கட்டுரைகள் குறைவு. இரண்டு, பாட்டை வெறும் கவிதையாகப் பிரித்து எடுத்து ஆராய்வது. சீறாவையும் குணங்குடியாரையும் ஆராய்ந்து பழகிய கை, பாட்டிலும் சொல்லையே தேடுகிறது. மூன்று, இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம். மூன்றிலும் இல்லாதது தட்டு. எந்த வருடம், எந்தக் கம்பனி, யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், என்னென்ன கருவிகள், பின்பாட்டு யார் என்ற விபரங்கள் இல்லை.

ஹனிபாவின் குரலையே எடுத்துக்கொள்வோம். ஒலிபெருக்கி இல்லாத மேடைகளிலும் ஊர்வலங்களிலும் பாடிப் பழகிய குரல் அது. ஆகவே தட்டிலும் அவர் மைக்கோடு இரகசியம் பேசுவதில்லை. கடைசி வரிசையில் நிற்பவரை நோக்கியே பாடுகிறார். மேற்சுருதியில் நின்று ஒரு சொல்லை நீட்டி, பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ளும் இடத்தில் விடுகிறார். சினிமாப் பாட்டின் மென்மை பழகிய காதுக்கு அது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். தெருவின் நீளத்தை அறிந்த காதுக்கு அதன் நியாயம் விளங்கும். அதே மனிதர் திராவிட முன்னேற்றக் கழக மேடைக்கும் பாடினார். இரண்டு வகைத் தட்டுகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எது எதற்குக் கடன்பட்டிருக்கிறது என்று எழுதிய ஒருவரை நான் இன்னும் வாசிக்கவில்லை. நம் நாட்டிலேயே, சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த மொஹிதீன் பெய்க், சிங்கள மக்கள் நேசித்த பௌத்த பக்திப் பாட்டுகளைப் பாடியவர். 1991இல் மறைந்தார். அவரது தட்டுகளைத் தமிழில் அறிமுகம் செய்யும் கடமை வேறு யாருக்கு இருக்கிறது? கிழக்கின் பொல்லடியில் கோலும் கோலும் மோதும் வேகத்தை, ஹமில்டனைப் போல எண்ணிப் பார்க்க ஒரு கடிகாரம் போதும்.

தமிழில் இசை விமர்சனம் இல்லாமல் இல்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பத்தியும், சுப்புடுவின் கூர்மையான பேனாவும் யாவரும் அறிந்தவை. ஆனால் அவற்றின் மையம் கச்சேரி. கச்சேரி சபாவுக்குப் போகக்கூடியவருக்கானது. எங்களைப் போன்றோருக்கு இசை வந்தது தட்டாக, கசற்றாக, வானொலியாக. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று சொல்லும் அந்த ஒற்றை வரிதான் எங்கள் சஞ்சிகை. அந்த வரி காற்றோடு போனது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இசைக்கருவியே ஆகாது என்போர் இருக்க, அதற்கு ஒரு விமர்சனப் பத்தியா? நான் ஆலிம் அல்ல, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கேட்பதில்லை என்று தீர்மானித்தவரை மதிக்கிறேன். ஆனால் கேட்காமல் விடுவது வேறு, இருந்ததே இல்லை என்று ஆக்குவது வேறு. புத்தளத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கசற் நாடாவை உருவிக் காகம் விரட்டக் கட்டியிருந்தார்கள். வெயிலில் அது மினுங்கியது. பெட்டியில் பாடகரின் பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஒரு மௌலவி சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரரே எடுத்துப் போட்டது. நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவை பற்றி நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். நாமே வீசியவை பற்றியும் ஒரு வரி எழுதவேண்டும்.

பல வருடங்களின் பின் சோனகதெருவுக்குத் திரும்பிவந்து பார்த்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை. உள்ளறையில் ஒரு வேம்பு நின்றது. தகரப் பெட்டியைத் தேடும் அளவுக்கு நான் சிறுபிள்ளையல்ல. மாமா அதற்கு முன்னரே புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். அன்றிரவு சஞ்சிகைகளை எடுத்து அவரது சரி அடையாளங்களை எண்ணினேன். 17. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாடகர், பாட்டு, கம்பனி, சிலவற்றுக்கு வேகத்தின் எண்ணும். ஒரு பின்னேரத்தில் அந்தப் 17 பாட்டையும் இணையத்தில் கண்டுபிடித்துக் கேட்டுமுடித்தேன். பெட்டியின் ஒரு பாதி திரும்பிவந்துவிட்டது.

மறு பாதி வரவில்லை. ஹனிபாவின் தட்டுகள் எவை எவை இருந்தன? உம்மா அடுப்படியில் நின்று கேட்டது எது? பச்சை உறையில் வந்த அந்தப் பாடகர் யார்? சரி அடையாளம் போட மாமாவுக்கு ஒரு பக்கம் இருக்கவில்லை. அச்சில் வராத பெயரின் பக்கத்தில் பென்சிலை எங்கே வைப்பது? டெற்றொய்ற்றிலும் பிலடெல்பியாவிலும் செய்த தட்டுகளை ஒரு யாழ்ப்பாணத்து முஸ்லிம் வீட்டுக்கு மீட்டுத் தர ஒரு சஞ்சிகையால் முடிந்தது. நாகூரின் தட்டை மீட்டுத் தர நமது சஞ்சிகைகளால் முடியவில்லை. நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

'இப்போது எல்லாம் யூரியூபில் இருக்கிறதே, சேர்' என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. கஃபாவின் படம் ஒன்றை வைத்து, கீழே 'பழைய இஸ்லாமியப் பாடல்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். வருடம் இல்லை, எழுதியவர் இல்லை. தேடுவதற்கு முதலில் பெயர் தெரியவேண்டும். எல்லாம் கிடைக்கும் காலத்தில் வழிகாட்டி தேவையில்லை என்பது தவறு. கடல் பெரிதானால் கலங்கரை விளக்கும் வேண்டும்.

நான் படிப்பிக்கும் பண்டத்தரிப்புப் பாடசாலையில் இதை ஒரு கட்டுரைப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு ஞாபகமுள்ள ஒரு பாட்டு. யார் பாடியது, எங்கே, எதில் கேட்டது, என்ன வாத்தியம், ஏன் மறக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சினிமாப் பாட்டுகளே அதிகம் வந்தன. கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் கேட்ட பாட்டு ஒன்று, மாதாகோயில் பாட்டு இரண்டு. ஒரு பிள்ளை தன் அம்மம்மாவின் ஞாபகமாக 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற ஹனிபாவின் பாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். எதில் கேட்டது என்ற கேள்விக்கு, 'சைக்கிளில் புடவை விற்க வாற நானா பாடிக்கொண்டு வருவார். படலையடியில் பாட்டுக் கேட்டால் அம்மம்மா காசு எடுத்துக்கொண்டு போவா' என்று பதில். ஏன் மறக்கவில்லை என்பதற்கு, '1990க்குப் பிறகு அவர் வரவில்லை' என்று இருந்தது. தட்டின் வருடமும் கம்பனியும் அதில் இல்லை. எனினும் நமது சஞ்சிகைகள் எழுதாத ஒரு குறிப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிட்டாள். நான் அதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

ஆசிரியரிடம் என் கோரிக்கை சிறியது. இதழுக்கு ஒரு பக்கம். அதில் இரண்டோ மூன்றோ தட்டுகள், கசற்றுகள். பாடியவர், எழுதியவர், மெட்டு, கம்பனி, வருடம், கருவிகள், தாளத்தின் வேகம். பிறகு நேர்மையான நான்கு வரி அபிப்பிராயம். சுமாரானதைச் சுமார் என்று சொல்லும் துணிவோடு. விற்பவரே எழுதக் கூடாது. அபூர்வமானது என்பதற்காகப் புகழக் கூடாது. அக்கரைப்பற்றிலோ மன்னாரிலோ காயல்பட்டினத்திலோ வீட்டில் பழைய தட்டுகளை வைத்திருப்பவர்கள், உறையின் பின்பக்கத்தில் உள்ளதை அப்படியே பிரதி செய்து அனுப்பினாலும் தொடங்கிவிடலாம். இன்ஷா அல்லாஹ், முதற் பக்கத்துக்கான குறிப்பை நானே எழுதித் தருகிறேன். வாசகர்கள் தங்களிடம் இருப்பவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம் போட்டு வைக்கட்டும். பின்னொரு நாளில் யாருக்காவது அது தேவைப்படும்.